கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

சுந்தரபாண்டியபுரத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்காகத் தென்காசிப் பக்கம் போயிருக்க வேண்டும் என்பதில்லை. 1992 ஆகஸ்டில் வெளியான ‘ரோஜா’வின் கிராமத்துக் காட்சிகளைப் பார்த்திருந்தால் போதும். அந்த ஊரின் தெருவும் குளக்கரையும் வயலும், பின்னால் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையும் வேறு பல படங்களிலும் வந்திருக்கின்றன. குற்றாலத்தில் சீசன் நடக்கும் மாதங்களில் அந்த வட்டாரத்தில் சூரியகாந்தி பூக்கும். பூவோடு நின்று படம் எடுத்துக்கொள்வதற்காகவே வண்டி பிடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஊரைப் பார்த்திருக்கிறோம். கேட்டிருக்கிறோமா?

‘ரோஜா’வில் கிராமத்துப் பெண்ணாக நடித்த மதுபாலா மும்பையிலிருந்து வந்தவர். அவருக்காகச் ‘சின்னச் சின்ன ஆசை’யைப் பாடிய மின்மினி கேரளத்தைச் சேர்ந்தவர். அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களில் படப்பிடிப்புத் தளத்தில் பதிவான ஒலி பெரும்பாலும் டப்பிங்குக்கு ஒரு வழிகாட்டி மட்டும்தான். படத்தில் நாம் கேட்ட வசனமும் காலடிச் சத்தமும் குருவிச் சத்தமும் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்க்கப்பட்டவை. ஊரின் படம் நாடெங்கும் போனது. ஊரின் சத்தம் ஊரிலேயே தங்கிவிட்டது.

இதை யார் மேலும் குற்றமாகச் சொல்லவில்லை. சினிமா அப்போது அப்படித்தான் எடுக்கப்பட்டது. அந்தப் பாட்டு இன்றைக்கும் நமக்குப் பிடிக்கும். நான் கேட்க விரும்புவது வேறு. ஒரு பெண்ணின் முகம் ஓரிடத்திலிருந்தும் குரல் இன்னோரிடத்திலிருந்தும் ஊர் மூன்றாவது இடத்திலிருந்தும் வருகிறது. மூன்றையும் ஒட்டவைத்து, ‘கிராமத்துப் பெண் இப்படித்தான் கேட்பாள்’ என்று முடிவுசெய்கிற நாற்காலி ஒன்று இருக்கிறது அல்லவா? அதில் யார் உட்கார்கிறார்கள்? அதில் உட்காரக் கற்றுக்கொள்வது என்றால் எதைக் கற்றுக்கொள்வது?

*

ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டு அறைகள் இருக்கும். ஓர் அறையில் மைக். அங்கே பாடுவார்கள், பேசுவார்கள். மற்ற அறையில் மிக்ஸர், கணினி, ஸ்பீக்கர். அங்கே உட்கார்ந்து கேட்பார்கள், முடிவெடுப்பார்கள். நடுவே கனமான கண்ணாடி.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மைக்குக்கு முன்னால், பெண்கள் தொடக்கத்திலிருந்தே இருக்கிறார்கள். 1902இல் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தாவில் நடந்த முதல் பதிவுகளில் பாடியவர் கௌஹர் ஜான். தமிழ்நாட்டிலும் இசைத்தட்டுக்கு முதலில் துணிந்து பாடியவர்களில் தேவதாசி மரபில் வந்த பெண்கள் முக்கியமானவர்கள். ‘கோயம்புத்தூர் தாயி’யின் குரல் நமக்கு மிஞ்சியிருப்பது அந்தத் தட்டுகளால்தான். பி. சுசீலா பாடிய 17,695 பாடல்களைக் கின்னஸ் 2016இல் சாதனையாக அங்கீகரித்தது. ஒரே பெண், இத்தனை ஆயிரம் முறை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறார்.

அந்தப் பக்கம்? 1959இல் லண்டனில் டீலியா டெர்பிஷயர் என்ற பெண், கணிதமும் இசையும் படித்துவிட்டு டெக்கா நிறுவனத்தில் வேலை கேட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வேலைக்கு வைப்பதில்லை என்று பதில் வந்தது. பிறகு அவர் பி.பி.சி.யில் சேர்ந்து மின்னணு இசையின் முன்னோடிகளில் ஒருவரானார். பாப், ராக் ஆல்பங்களின் ஒலிப்பதிவுக்காக கிராமி பரிசு வாங்கிய முதல் பெண் டிரினா ஷூமேக்கர். ஆண்டு 1999. அமெரிக்காவில் 2012 முதல் 2017 வரை வந்த பிரபலமான பாடல்களை அன்னன்பர்க் ஆய்வுக் குழு எண்ணிப் பார்த்தபோது, இசைத் தயாரிப்பாளர்களில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். நம் பக்கத்தில், தமிழ்ப் படங்களில் ஒலிப் பொறியாளராகப் பணியாற்றிய கீதா குரப்பா, தெலுங்குப் படவுலகின் சாஜிதா கான் என்று விரல்விட்டு எண்ணும்படிதான் பெயர்கள் வருகின்றன. சாஜிதாவுக்கு 2018இல் குடியரசுத் தலைவர் கையால் ‘முதல் பெண்கள்’ விருது கிடைத்தது. 2018இலும் ஒரு துறையில் ‘முதல் பெண்’ என்று கௌரவிக்க ஆள் கிடைக்கிறார் என்றால், பெருமைப்படுவதா கோபப்படுவதா?

இந்தக் கணக்கை வாய்ப்பு, சமத்துவம் என்று மட்டும் பேசி முடித்துவிடலாம். அது நியாயமான பேச்சுதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. யார் உட்கார்ந்தாலும் மிக்ஸர் ஒன்றுதான், மைக் ஆண் பெண் பார்ப்பதில்லை, பிறகு யார் உட்கார்ந்தால் என்ன? இது நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் ‘பெண்களும் வரவேண்டும்’ என்பது வெறும் கோஷமாகிவிடும்.

என் பதில் இது. ஒலிப்பதிவின் அடிப்படைப் பாடத்தில் இரண்டு வகைச் சரக்கு கலந்து வருகிறது. ஒன்று இயற்கையின் விதி. இன்னொன்று அந்த அறையில் உட்கார்ந்தவர்களின் வழக்கம். இரண்டையும் ஒரே குரலில், ‘டெக்னிக்கலா இப்படித்தாம்மா’ என்று சொல்லித்தருகிறார்கள். அடிப்படை கற்றுக்கொள்வது என்றால் இந்த இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொள்வது. வழக்கத்தை இயற்கை என்று நம்பவைப்பது ஆணாதிக்கத்தின் மிகப் பழைய வேலை என்பதால், பெண்களுக்கு இந்தப் பிரித்தறிதல் புதிதும் அல்ல. சமையலறையிலும் கோயில் வாசலிலும் செய்துபார்த்த வேலைதான்.

*

எளிய உதாரணத்தில் தொடங்கலாம். ஊர்க் கூட்டம், பள்ளி ஆண்டுவிழா, கட்சி மேடை எதையாவது நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் வரிசையாகப் பேசிவிட்டுப் போகிறார்கள். கடைசியில் ஒரு பெண் வருகிறார். மைக் ஸ்டாண்டு முந்தைய பேச்சாளரின் வாய் உயரத்தில் நிற்கிறது. அவர் அண்ணாந்து பேசுகிறார். குரல் மெலிந்து கேட்கிறது. கீழேயிருந்து ஒருவர், “சத்தமாப் பேசுங்கக்கா” என்கிறார். கத்துகிறார். கரகரக்கிறது. “லேடீஸ் வாய்ஸ் மைக்ல எடுபடாது” என்ற தீர்ப்போடு கூட்டம் முடிகிறது.

இங்கே விதி என்ன? வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் மைக்குக்கு எட்டும் ஒலி 6 டெசிபல் குறையும். பெரும்பாலான பேச்சு மைக்குகள் நேர் எதிரே வரும் குரலைத்தான் முழுதாக எடுக்கும். சாய்வாக வந்தால் குரலின் தெளிவைத் தரும் மேல் அதிர்வெண்கள் முதலில் போய்விடும். இது எல்லோருக்கும் பொது. அந்த இடத்தில் அமிதாப் பச்சன் நின்று அண்ணாந்து பேசினாலும் இப்படித்தான் கேட்கும். வழக்கம் என்ன? ஸ்டாண்டை யாரும் இறக்கவில்லை. திருகாணி ஒன்றைத் தளர்த்தி ஒரு சாண் இறக்க வேண்டிய வேலை. அதைச் செய்யாததன் பலன் அந்தப் பெண்ணின் தொண்டை மேல் குற்றமாக விழுகிறது. இந்தச் சின்ன இயற்பியல் தெரிந்த ஒரே ஒரு பெண் மேடை ஓரத்தில் நின்றால், தீர்ப்பு மாறிவிடும்.

இரண்டாவது உதாரணம் கொஞ்சம் நுட்பமானது. மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே கூர்மை இல்லை. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில் நம் காது மிகக் கூர்மையாக இருக்கிறது. காதுக் குழாயின் அமைப்பு அப்படி. எனவே அந்தப் பகுதியில் சத்தம் ஓங்கினால் யார் குரலாக இருந்தாலும் குத்தும். இது விதி.

அதே பகுதி ஓங்கி, ஓர் ஆண் எட்டுக் கட்டையில் பாடினால் என்ன சொல்கிறோம்? வெண்கலக் குரல், கணீரென்று இருக்கிறது. ஒரு பெண் பாடினால்? கீச்சுக் குரல், காதைக் கிழிக்கிறது, அந்த இடத்தை ஈக்யூவில் வெட்டு. இது வழக்கம். மிக்ஸரில் ஈக்யூ திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை அளவுமானி சொல்வதில்லை. ‘கணீர்’ எது, ‘கீச்சு’ எது என்று முன்பே பழகிய காது சொல்கிறது. கற்றுக்கொள்ள வரும் மாணவி திருகை மட்டும் கற்றுக்கொள்வதில்லை. அந்தக் காதையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறாள், பெண்ணாக இருந்தாலும்.

இந்தக் காதுக்கு ஒரு வரலாறு உண்டு. கௌஹர் ஜான் காலத்தில் மைக் இல்லை. பெரிய கூம்புக்குள் முகத்தை நீட்டி ஓங்கிப் பாட வேண்டும். அந்த அதிர்வு நேரடியாக ஊசியை அசைத்து மெழுகில் கோடு போடும். மெல்லிய குரல் பதிவாகவே ஆகாது. அதே போல, மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கு எட்டப் பாடிப் பழகியவர் கே.பி. சுந்தராம்பாள். அந்தக் குரலைப் ‘பெண்மை இல்லை’ என்று அந்தக் கால ரசிகர்கள் தள்ளவில்லை, கொண்டாடினார்கள். 1925 வாக்கில் மின்சார மைக் இசைத்தட்டுப் பதிவுக்கு வந்தது. இனிமேல் காதருகே முணுமுணுப்பது போலப் பாடினாலும் ஊர் முழுக்கக் கேட்கும். அப்படிச் சாத்தியமான மெல்லிய குரல் மெல்ல மெல்லப் பெண் குரலின் இலக்கணமாகவே ஆனது. தென்னிந்தியப் பின்னணிப் பாடல் பற்றி 2021இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் அமாண்டா வைட்மன், உடலை அசைக்காமல் நின்று குரலை மட்டும் தருவது எப்படிப் பின்னணிப் பாடகிகளின் கண்ணியமாகக் கருதப்பட்டது என்று விரிவாகப் பேசுகிறார். அதாவது ‘இயல்பான பெண் குரல்’ என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு ஒரு கருவியின் வயது. அதற்கு நூறு ஆண்டுதான் ஆகிறது.

குலவைச் சத்தத்தையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். கோயில் கொடையிலும் நடவு வயலிலும் பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போடுகிற குலவை, மைக் இல்லாமலே தெருமுனை தாண்டும். டிஜிட்டல் பதிவில் ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. எனவே எதிர்பாராத உச்சத்துக்கு இடம்விட்டு கெயினைக் குறைவாக வைக்க வேண்டும். இது விதி. மேளத்துக்கும் மந்திரத்துக்கும் இடம்விட்டுக் கெயின் வைத்துவிட்டு, குலவை வரும்போது மட்டும் ஃபேடரை இறக்குவது வழக்கம். பதிவைப் பிறகு கேட்பவர்களுக்கு அந்தக் கொடையில் பெண்கள் எங்கோ தூரத்தில் நின்றதாகத் தோன்றும். உண்மையில் அவர்கள் சாமிக்கு எதிரே நின்றிருப்பார்கள்.

*

இப்போது கடினமான உதாரணத்துக்கு வருகிறேன். இதில்தான் விஷயம் ரசனையிலிருந்து நியாயத்துக்கு நகர்கிறது.

தென்காசி மாவட்டத்தின் ஊர்களில் பீடி சுற்றுவது பெண்களின் வேலை. மடியில் தட்டு, கையில் கத்திரி. இலையை அளவாக நறுக்கி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, மடித்துவிட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அப்படிச் சுற்றுகிற ஒருவரிடம் அவருடைய வாழ்க்கைக் கதையைப் பதிவுசெய்யப் போகிறோம் என்று வையுங்கள். கல்லூரி ஆய்வுக்கோ, வானொலிக்கோ, ஒரு ஆவணப் படத்துக்கோ. ஹெட்ஃபோனை மாட்டியதும் கத்திரி கேட்கிறது. டிக், டிக், டிக். அவர் பேசுவதை விடத் தெளிவாகக் கேட்கிறது.

பாடப்புத்தகம் இதை இரைச்சல் என்கிறது. வேண்டிய ஒலி ‘சிக்னல்’, வேண்டாதது ‘நாய்ஸ்’. இரண்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு அதிகமோ பதிவு அவ்வளவு நல்லது. அடிப்படை தெரியாதவர் கைவசம் ஒரே வழிதான் இருக்கும்: “அக்கா, கொஞ்ச நேரம் கத்திரியக் கீழ வைங்களேன்.” அவர் வைப்பார். வீடு தேடி வந்த விருந்தாளி கேட்டால் மறுப்பது நம் ஊரில் வழக்கமில்லை. ஒரு மணி நேரம் பேசுவார். அந்த ஒரு மணி நேரத்துக் கூலி போகும், அல்லது ராத்திரி கூடுதலாக ஒரு மணி நேரம் விழித்திருந்து கணக்கை முடிப்பார். நமக்குச் சுத்தமான ஆடியோ கிடைக்கும். அதற்கான செலவு அவர் கணக்கில் எழுதப்படும்.

இன்னொரு வழி, கத்திரியோடு பதிவுசெய்துவிட்டுப் பிறகு மென்பொருளில் நீக்குவது. அடாசிட்டி போன்ற மென்பொருளில் இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டைத் தேர்ந்து ‘இதுதான் இரைச்சல்’ என்று காட்டினால், பதிவு முழுவதிலும் அதைப் போன்றதைத் தேடிக் குறைக்கும். ஒரே சீராக ஓடும் ஃபேன் சத்தத்துக்கு இது நன்றாக வேலை செய்யும். விட்டுவிட்டு வரும் கத்திரிக்குச் செய்யாது. பேசுபவரின் ‘ட’வும் ‘ச’வும் சேர்ந்து தேய்ந்துபோகும். ‘கேட்’ போட்டாலும் சிக்கல்தான். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள ஒலியை அது அடைத்துவிடும். பெருமூச்சு, தயக்கம், அழுகைக்கு முன் வருகிற அந்தச் சின்ன இழுப்பு எல்லாம் அந்த அளவுக்குக் கீழேதான் இருக்கும்.

அடிப்படை தெரிந்தவருக்கு மூன்றாவது வழி உண்டு. இதய வடிவத்தில் ஒலியை வாங்கும் மைக்குகளுக்கு முதுகுப் பக்கம் ஏறக்குறைய செவிடு. அதை நெஞ்சு உயரத்தில் வைத்து வாயை நோக்கி மேலே சாய்த்தால், மடியில் உள்ள தட்டு மைக்கின் முதுகுப் பக்கம் போய்விடும். தூரத்தை ஒரு முழத்திலிருந்து ஒரு சாணாகக் குறைத்தால் குரல் 6 டெசிபல் கூடும். கத்திரி அந்த அளவு கூடாது. கத்திரி முழுதாகப் போகாது. ஆனால் குரலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. பேச்சு முடிந்ததும் கத்திரிச் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் தனியாகப் பதிவுசெய்துகொள்ளலாம், ஏனென்றால் அது இரைச்சல் அல்ல. அவர் சொல்லும் கதைக்கு அதுவும் சாட்சி. எத்தனை வருடமாக இந்த வேலை செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு, அந்தத் தாளம் தவறாத கத்திரி வாயை விட நன்றாகப் பதில் சொல்லும்.

மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வழியில் போனவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அந்த அக்கா மேல் மரியாதை இருக்கலாம், பெண்ணியம் கூடப் படித்திருக்கலாம். ஆனால் மைக்கின் முதுகு எந்தப் பக்கம் என்று தெரியாததால், அவருடைய நல்லெண்ணத்துக்கான விலையை இன்னொரு பெண் கொடுக்க வேண்டியிருக்கிறது. நல்லவராக இருப்பதற்கும் சில சமயம் தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டும். ‘டெக்னிக்கல் விஷயம் நமக்கு எதுக்கு, நாம் உள்ளடக்கத்தைப் பார்ப்போம்’ என்று நம்மில் பலர் ஒதுங்குகிறோம். அந்த உள்ளடக்கம் எவர் செலவில் சுத்தமாகிறது என்பது ஒதுங்கிய இடத்திலிருந்து தெரியாது.

*

‘ஒரு பெண் உட்கார்ந்தால் இதெல்லாம் மாறிவிடுமா?’ என்று கேட்கலாம். தானாக மாறாது. வாங்கிய காதோடு உட்கார்ந்தால் அவளும் அதே இடத்தில்தான் ஈக்யூவை வெட்டுவாள். மாமியார் ஆனதும் பழைய மருமகள் மாறிவிடுகிற கதை நமக்குத் தெரியும். எனவே நாற்காலியில் பெண் இருப்பது தேவை, ஆனால் போதாது. விதி எது வழக்கம் எது என்று பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப் பிரிக்கத் தெரிந்த ஓர் ஆண் வந்தால் அவரையும் வரவேற்போம். ஆனால் வழக்கத்தால் இழந்தவர்களுக்குத்தான் அதைச் சந்தேகிக்கும் காரணம் முதலில் கிடைக்கிறது. ஸ்டாண்டு உயரம் சரியாக இருந்தவருக்கு அதில் திருகாணி இருப்பது கண்ணில் படாது.

அந்த நாற்காலி வரை போய்ச் சேர்வதிலும் இதே பிரச்சினை இருக்கிறது. சென்னைத் தரமணி திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுப் படிப்பு இருக்கிறது. தனியார் படிப்புகளும் பெருகிவிட்டன. படிப்பு முடிந்தபின் ஒரு கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தால்தான் தொழில் கைக்கு வரும். அங்கேதான் பெண்களுக்குக் கதவு அடைபடுகிறது, இரண்டு அர்த்தத்திலும். ‘ராத்திரி வேலை, மூடிய ரூம், பொம்பளப் பிள்ளைக்குச் சரிப்படாது’ என்பார்கள். வீட்டில் அப்பா சொல்வதும் கூடத்தில் முதலாளி சொல்வதும் ஒரே வாக்கியமாக இருக்கும்.

பயம் பொய்யானது அல்ல. ஒலிப்பதிவுக் கூடம் என்பது உள்ளே கத்தினால் வெளியே கேட்காதபடி கட்டப்பட்ட அறை. 2018இல் பாடகியும் டப்பிங் கலைஞருமான சின்மயி தனக்கு நடந்த பாலியல் அத்துமீறல் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அதே ஆண்டு டப்பிங் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்பது சங்கம் சொன்ன காரணம். குரலால் பிழைக்கும் ஒரு பெண் குரல் எழுப்பினால் என்ன ஆகும் என்பதை அந்த வருடம் எல்லா மாணவிகளும் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் இங்கேயும் பிரித்துப் பார்க்கலாம். அறைக்குள் வெளிச்சத்தம் வரக்கூடாது, அதனால் சுவரும் கதவும் கனமாக இருக்க வேண்டும்: விதி. கதவில் கண்ணாடி கூடாது: வழக்கம். இரண்டு அறைக்கும் நடுவே ஒலி கடக்காத கண்ணாடியைப் பொருத்தத் தெரிந்தவர்களுக்கு, அதே கண்ணாடியில் ஒரு துண்டைக் கதவிலும் பொருத்தத் தெரியும். ராத்திரியில்தான் வேலை: இதுவும் வழக்கம். வெளிச்சத்தம் வராத அறைக்குப் பகல் என்ன, இரவு என்ன? அதற்காகத்தானே அவ்வளவு செலவு செய்து கட்டினார்கள்! சட்டமும் தெரிந்திருக்கட்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘பணியாளர்’ என்ற சொல்லுக்குள் பயிற்சியாளரும் அடங்குவார். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இல்லாவிட்டால், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். நம் ஊர்ச் சிறிய கூடங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். இதையும் ஒலிப்பதிவின் அடிப்படைப் பாடத்தில் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும், கேபிளைச் சுருட்டச் சொல்லித்தருவது போல.

*

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். கூடம் வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும், ஒரு இயர்போன், இலவசமாகக் கிடைக்கும் அடாசிட்டி. உங்கள் வீட்டில் அதிகம் பேசாத பெண் யார் என்று பாருங்கள். ஆச்சியாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம். அனுமதி கேட்டு, பத்து நிமிடம் பதிவுசெய்யுங்கள். வேலையை நிறுத்தச் சொல்லாதீர்கள். போனை வைக்கும் இடத்தை மாற்றி மாற்றி மூன்று முறை முயலுங்கள்: ஒரு சாண் தூரத்தில், ஒரு முழத்தில், அறையின் மறுமூலையில். பிறகு இயர்போனில் கேளுங்கள். மூன்றிலும் அவர் வேறு வேறு ஆளாகக் கேட்பார். ஒன்றில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவர், ஒன்றில் யாரோ, ஒன்றில் டிவிக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவே எங்கோ ஒரு பெண் சத்தம்.

மூன்று பதிவிலும் பேசியவர் ஒருவர்தான். வித்தியாசம் அவர் குரலில் இல்லை, நீங்கள் போனை வைத்த இடத்தில் இருக்கிறது. அதைக் கேட்டுக் கண்டுபிடிக்கிற நாளில் உங்கள் படிப்பு தொடங்கிவிட்டது. இனி ஒரு மேடையில் யாராவது ‘லேடீஸ் வாய்ஸ் எடுபடாது’ என்றால், எழுந்துபோய் அந்தத் திருகாணியைத் தளர்த்துங்கள்.